லண்டனில் நேரம் மாறியதும் எங்கள் வகுப்பு 8 மணிக்குப் போய்விட்டது. நேர வலய அமைப்பில் எதை மாற்ற வேண்டும்?

கொட்டகலை_சாரல்
27 ஒக்டோபர் 2025

வணக்கம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் அடுத்த வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகளுக்கு நாங்கள் சில பேர் சேர்ந்து இணையத்தில் இலவச வகுப்பு நடத்துகிறோம். வெள்ளி இணைந்த கணிதம், சனி பௌதிகவியல், ஞாயிறு இரசாயனவியல். எல்லாமே இரவு 7 மணி. கணித சேர் டோஹாவில், பௌதிக சேர் டொரோண்டோவில், இரசாயன டீச்சர் லண்டனில். பயிற்சித் தாள் திருத்தித் தரும் அக்கா மெல்பேர்னில். எல்லாரும் இங்கே பிறந்து வளர்ந்து போனவர்கள்தான். அரட்டை, காலண்டர், பாடக்குறிப்பு எல்லாம் ஒரே கூட்டுவேலைச் செயலியில் இருக்கின்றன.

நேற்று ஞாயிறு பிள்ளைகள் 7 மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் இல்லை. காலண்டரைப் பார்த்தால் வகுப்பு இரவு 8.00 என்று காட்டுகிறது. யாரும் எதையும் தொடவில்லை. பாதிப் பிள்ளைகள் டேட்டா தீர்ந்துவிடும் என்று வெளியேறிவிட்டார்கள். குழுவின் நேர வலயத்தைப் போய்ப் பார்த்தேன், கொழும்பு என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பும் வெள்ளிக்கிழமை வகுப்பும் 7 மணியிலேயே நிற்கின்றன. இரசாயனவியல் மட்டும் நகர்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு கோளாறுகள். ஒரு பையனின் போனில் 7 மணி வகுப்பு 5.30 என்று காட்டுகிறதாம். பயிற்சித் தாள் ஒப்படைக்கும் படிவத்தில் இரவு 10 மணிக்கு அனுப்பியது மதியம் 12.30 என்று பதிவாகிறது. எல்லாரையும் செயலியில் கொழும்பு நேரம் போடச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா?


இரவு_ஷிப்ட்_பண்டாரவளை
27 ஒக்டோபர்

தங்கச்சி, குழுவின் நேர வலயம் வேறு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உள்ள நேர வலயம் வேறு. இரசாயன வகுப்பை காலண்டரில் போட்டது யார்? லண்டன் டீச்சராகத்தான் இருக்கும்.

பெரும்பாலான காலண்டர்களில், வாராவாரம் திரும்ப வரும் நிகழ்ச்சி அதை உருவாக்கியவரின் ஊர் நேரத்தோடு சேர்த்துத்தான் பதிவாகும். டீச்சர் போட்டது "ஞாயிறு பிற்பகல் 2.30, லண்டன்". கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், அதனால் அது நமக்கு சரியாக இரவு 7. நேற்று, 26ஆம் திகதி, அதிகாலை 2 மணிக்கு அங்கே கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பினார்கள். இப்போது இடைவெளி ஐந்தரை மணி. லண்டனில் வகுப்பு இன்னமும் 2.30தான், நமக்கு 8 ஆகிவிட்டது. செயலி பிழை செய்யவில்லை. ஆணி லண்டனில் அடித்திருக்கிறது, அதனால் நம் பக்கக் கயிறு ஆடுகிறது.

மற்ற இரண்டையும் நீங்கள் கொட்டகலையில் இருந்து போட்டிருப்பீர்கள். டொரோண்டோவில் நவம்பர் 2ஆம் திகதிதான் கடிகாரம் மாறும். அப்போது உங்கள் வகுப்பு நகராது, அந்த சேருக்குத்தான் காலை 9.30 என்றிருந்தது 8.30 ஆகும். அவருக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

செய்ய வேண்டியது: அந்தத் தொடர் நிகழ்ச்சியைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேர வலயத்தில் கொழும்பைத் தேர்ந்து, 7.00 என்று போட்டு, "இதுவும் இனி வருபவையும்" என்று சேமிக்க வேண்டும். "இது மட்டும்" என்று கொடுத்தால் அடுத்த ஞாயிறு இதே பாட்டு.


தேம்ஸ்_பக்கம்
27 ஒக்டோபர்

அந்த இரசாயன டீச்சர் நான்தான். விளக்கம் சரி, தீர்வு எனக்குச் சரிவராது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு மருந்தகத்தில் பிற்பகல் 2 மணி வரை வேலை. 2.30க்குத்தான் கணினி முன்னால் உட்கார முடியும். அதனால்தான் 2.30 என்று போட்டேன். கொழும்பு 7 மணி என்று மாற்றினால் மார்ச் கடைசி வரை எனக்கு 1.30. அந்த நேரத்தில் நான் கவுண்டரில் நிற்பேன். காலண்டர் காட்டுவது உண்மையான நேரம். நான் வரக்கூடிய நேரம் அதுதான். பிள்ளைகள் குளிர்காலம் மட்டும் 8 மணிக்கு வந்தால் என்ன?


லிந்துலை_மேல்பிரிவு
27 ஒக்டோபர்

அக்கா, கோபிக்காதீர்கள். 8 மணி என்றால் என்ன என்று இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அது அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கையில் இருந்த போனைப் பிள்ளையிடம் கொடுக்க 6.30 ஆகும். விடிகாலையில் எழும்பி சமைத்து பெரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போகிற ஆள், இரவு 9க்குத் தூங்கிவிடுவார். ஒற்றை அறையில் எல்லாரும் படுத்த பிறகு ஒரு பிள்ளை எப்படிச் சத்தமாக மூலக்கூறு வாய்பாடு சொல்லும்? வகுப்பு 7 முதல் 8.30 வரை என்பது யாரோ சும்மா வைத்த நேரம் இல்லை. அதற்கு முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எப்படியாவது ஒரு மணி நேரம் நகர்த்த வழி இருக்கும். எங்களுக்கு அது இல்லை. ஆகவே எல்லா வகுப்பும் கொழும்பு நேரத்தில்தான் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.


தேம்ஸ்_பக்கம்
28 ஒக்டோபர்

நானும் லயத்தில் பிறந்தவள்தான் தம்பி. அந்த ஒற்றை அறை எனக்குத் தெரியும். ஆனால் "எப்படியாவது ஒரு மணி நேரம் நகர்த்த வழி இருக்கும்" என்று நீங்கள் எனக்காகச் சொல்ல முடியாது. என் ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) எட்டு வாரத்துக்கு முன்னால் போடுவார்கள்.


இரவு_ஷிப்ட்_பண்டாரவளை
28 ஒக்டோபர்

இரண்டு பேரும் சொல்வது சரிதான், அதனால்தான் இது அமைப்புப் பக்கத்தில் தீராது. கொழும்பா லண்டனா என்று நீங்கள் முடிவெடுத்த பிறகு அதை எழுதிவைக்கத்தான் அந்தப் பெட்டி இருக்கிறது.

நான் ஒரு மெல்பேர்ன் கம்பனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். அவர்களின் காலை 9 மணிக் கூட்டம் எனக்கு விடிகாலை 4.30. ஒக்டோபர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள், இந்த வருடம் 5ஆம் திகதி. அன்றிலிருந்து 3.30. ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அப்படித்தான். பண்டாரவளைக் குளிரில் 3.30க்குக் காமராவுக்கு முன் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். சம்பளம் அவர்கள் கொடுக்கிறார்கள், ஆகவே ஆணி அவர்கள் ஊரில். அதில் எனக்கு வழக்கில்லை. (அதே கம்பனிக்கு பிரிஸ்பேனில் ஒரு கிளை உண்டு. குயின்ஸ்லாந்தில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அந்தக் கிளையில் சேர்ந்திருக்கலாம்.)

உங்கள் வகுப்பு யாருக்காக நடக்கிறது என்று கேட்டால் பதில் தெளிவு. ஆனால் டீச்சர் இல்லாமல் வகுப்பும் இல்லை. கிழமையை மாற்றிப் பார்த்தீர்களா?


டொரோண்டோ_மஸ்கெலியாக்காரன்
28 ஒக்டோபர்

நான் பௌதிகம் எடுப்பவன். 8.30 பிரச்சினை இல்லை, சொன்னதற்கு நன்றி. எனக்கு எளிய வழி ஒன்று தோன்றுகிறது. எல்லாரும் தங்கள் செயலியில் கொழும்பு நேரத்தையே வைத்துவிடுவோம். லண்டனில் இருந்தாலும் டொரோண்டோவில் இருந்தாலும் காலண்டரில் 7 மணி என்று பார்த்தால் எல்லாருக்கும் ஒரே 7 மணி. குழப்பமே வராது.


இரவு_ஷிப்ட்_பண்டாரவளை
28 ஒக்டோபர்

அதைச் செய்யாதீர்கள் சேர். உங்கள் பல் டாக்டர், பிள்ளையின் நீச்சல் வகுப்பு எல்லாம் அதே காலண்டரில்தானே இருக்கும்? அவையும் கொழும்பு நேரத்தில் ஒன்பதரை மணி நேரம் தள்ளித் தெரியும். நவம்பர் 2க்குப் பிறகு பத்தரை. தொந்தரவு செய்யாதே என்று வைத்த நேரமும் அதோடு நகரும். நடு இரவில் மணி அடிக்கும், பட்டப்பகலில் அமைதியாக இருக்கும். ஸ்லாக் மாதிரியான செயலிகளில் உங்கள் பெயரைத் தொட்டால் உங்கள் ஊரில் இப்போது எத்தனை மணி என்று மற்றவருக்குக் காட்டும். நீங்கள் கொழும்பு என்று போட்டுவிட்டால், டொரோண்டோவில் விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் விழித்திருப்பதாக நினைத்து ஒரு பிள்ளை அழைக்கும்.

ஒவ்வொருவரும் தான் இருக்கிற ஊரை வைக்க வேண்டும். நிகழ்ச்சியைத்தான் கொழும்பில் வைக்க வேண்டும். மாற்றிக் காட்டுகிற வேலையைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

கொழும்பு நேரத்தையும் பக்கத்திலேயே பார்க்க ஆசை என்றால், கூகுள் காலண்டரில் கணினிப் பக்க அமைப்புகளில் இரண்டாவது நேர வலயம் சேர்க்கலாம். நாள் காட்சியில் இடது ஓரத்தில் இரண்டு மணி வரிசைகள் ஒன்றாக வரும். ஒன்றுக்கு "வீடு", மற்றதற்கு "பிள்ளைகள்" என்று பெயரும் வைக்கலாம்.


பதுளை_பழைய_வாத்தியார்
28 ஒக்டோபர்

பேரப்பிள்ளைகளே, இடையில் ஒரு கிழவன் புகுந்தால் மன்னிக்கவும். லண்டன்காரன் வருடத்துக்கு இரண்டு தரம் நேரத்தை மாற்றுகிறான் என்று பேசுகிறீர்கள். நம் நாடும் ஆடியிருக்கிறது.

1996இல் மழை பொய்த்து காசல்ரீ, மவுஸ்சாக்கலை மாதிரி நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. வெளிச்சத்தைச் சேமிக்கலாம் என்று அந்த வருடம் மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். விடியற்காலை இருட்டில் பிள்ளைகள் டோர்ச் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். அட்டை கடி வேறு. முணுமுணுப்பு வலுத்ததும் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி நேரம் பின்னால் எடுத்தார்கள். அந்த அரைகுறை நேரம் 2006 ஏப்ரல் 15 வரை ஓடியது. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற பழைய கணக்குக்கே திரும்பினோம். இடைப்பட்ட பத்து வருடமும் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்க வேண்டியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஒரே நாட்டுக்குள் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணி வித்தியாசம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என் பேரன் தன் செயலியில் "கொல்கத்தா" என்று வைத்திருக்கிறான். கேட்டால் "ரெண்டும் ஐந்தரைதானே தாத்தா" என்கிறான். இன்றைக்கு ஒன்றுதான். 1906இலிருந்து பெரும்பாலான காலம் ஒன்றுதான். ஆனால் நம் அரசாங்கம் இன்னொரு தரம் ஆடினால் இந்தியா கூடவே ஆடாது.


இரவு_ஷிப்ட்_பண்டாரவளை
28 ஒக்டோபர்

ஐயா சொன்னது நல்ல விஷயம். செயலிகள் பெரும்பாலும் உலக நேர வலயத் தரவுத்தளம் ஒன்றைத்தான் நம்புகின்றன. ஐயா சொன்ன 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அதில் "ஆசியா/கொழும்பு" என்ற பெயரில் பதிவாகியிருக்கின்றன. நாளைக்கு நேரம் மாறினால் அந்தப் பெயரின் கீழ்தான் திருத்தம் வரும். கொல்கத்தா வைத்தவருக்கு வராது. "யூடிசி கூட்டல் 5.30" (யூடிசி என்றால் உலகப் பொது நேரம்) என்று வெறும் எண்ணை வைத்தவருக்கும் வராது. ஆகவே எப்போதும் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியில் கொழும்பைத் தேடினால் கிடைக்காது, "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதே பெயர் உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணி முன்னால் இருந்தது, ஐயாவின் அரைகுறை நேரம்தான் அது.

சுருக்கெழுத்துகளையும் தவிருங்கள். ஐ.எஸ்.டி. என்றால் இந்தியாவா, அயர்லாந்தா, இஸ்ரேலா? மூன்றும் உண்டு. பி.எஸ்.டி. என்றால் லண்டன் கோடை நேரம், பங்களாதேஷ் நேரம் இரண்டும். சில செயலிகளில் ஈ.எஸ்.டி. (வட அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம்) என்று தேர்ந்தால் அது நியூயோர்க்கோடு கோடையில் நகராமல் அப்படியே நிற்கும்.


லிந்துலை_மேல்பிரிவு
28 ஒக்டோபர்

வாத்தியார் ஐயா, எங்கள் தாத்தா சொல்வார், அவர் காலத்தில் பெரட்டுக்குத் தப்பு (பறை) அடித்தால் அதுதான் மணி என்று. கொழும்பில் எத்தனை மணி என்று யார் கேட்டார்கள்.


பதுளை_பழைய_வாத்தியார்
28 ஒக்டோபர்

அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் "பாகான் நேரம்" என்று ஒன்று ஓடுகிறது தம்பி. இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னால். கிழக்கே சூரியன் சீக்கிரம் வருவதால் வெள்ளைக்காரத் துரைமார் வைத்தது. வெளிச்சம் இருக்கும்போதே வேலை வாங்க வேண்டுமே! அவர்களுக்குச் செயலி தேவைப்படவில்லை.


வட்டவளை_ரிப்பெயர்
28 ஒக்டோபர்

போன் கடை வைத்திருக்கிறேன். அந்த 5.30 பையனின் விஷயம் எனக்குப் பழகியது. போன் டுபாயில் இருந்து வந்ததா என்று கேளுங்கள்.

மாமாவோ சித்தியோ அங்கே பாவித்த போனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தானாக நேரம் எடுக்கும் வசதி அணைந்திருக்கும், வலயம் டுபாயிலேயே நிற்கும். மணி ஒன்றரை மணி நேரம் பின்னால் காட்டும். வீட்டில் யாராவது கடிகாரத்தைக் கையால் ஒன்றரை மணி முன்னால் தள்ளிச் சரிசெய்துவிடுவார்கள். திரையில் மணி சரியாகத் தெரியும், உள்ளுக்குள் போன் இன்னும் டுபாயில் இருப்பதாகத்தான் நினைக்கும். 7 மணி வகுப்பு டுபாய்க்கு 5.30, ஆகவே 5.30 என்று காட்டும். பையன் 5.30க்கே போய் உட்காருவான். கடையில் இதைச் சொன்னால் "மணி சரியாத்தானே அண்ணே காட்டுது" என்பார்கள்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் திகதியும் நேரமும் என்ற இடத்தில் நேரத்தையும் நேர வலயத்தையும் தானாக எடுக்கும் இரண்டு பொத்தான்களையும் போட வேண்டும். இரண்டும் தனித்தனி, ஒன்றைப் போட்டால் மற்றது போடப்படாது. சிக்னல் இல்லாத மலை மடிப்பில் இருந்தால் வலையமைப்பு நேரம் வர மாட்டேன் என்னும். அப்போது வலயத்தை கையால் கொழும்பு என்று வையுங்கள், மேலே ரோட்டுக்கு வந்ததும் நேரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். கடிகார முள்ளை மட்டும் கையால் நகர்த்த வேண்டாம்.


கொட்டகலை_சாரல்
28 ஒக்டோபர்

அண்ணே, கேட்டேன். டுபாய்தான்! பெரியம்மா கொண்டுவந்ததாம். நீங்கள் சொன்னபடி மாற்றியதும் 7 மணி காட்டுகிறது.


எல்ல_கைட்
28 ஒக்டோபர்

வீ.பி.என். (இணையத்தில் வேறு நாட்டில் இருப்பது போல் காட்டும் செயலி) போட்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால் அதையும் பாருங்கள். சிங்கப்பூர் வீ.பி.என். போட்டால் நேரமும் சிங்கப்பூர் ஆகிவிடும்.


வட்டவளை_ரிப்பெயர்
28 ஒக்டோபர்

இல்லை தம்பி. வீ.பி.என். இணைய முகவரியைத்தான் மாற்றும். உலாவியும் செயலியும் நேர வலயத்தை போனிடமோ கணினியிடமோதான் கேட்கும். அதைப் போட்டதும் விளம்பரம் சிங்கப்பூருக்கு மாறலாம், கடிகாரம் மாறாது.


ஹப்புத்தளை_எக்செல்
29 ஒக்டோபர்

படிவத்து நேரம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. இரவு 10 மணி மதியம் 12.30 ஆனது என்றால் ஒன்பதரை மணி வித்தியாசம். அந்தப் பதில் தாளை உருவாக்கியது டொரோண்டோ சேர், இல்லையா?

கூகுள் ஷீட்ஸ் என்றால் ஒவ்வொரு தாளுக்கும் தனி நேர வலயம் இருக்கிறது. பார்ப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் அது மாறாது. காலண்டர் ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டும், தாள் எல்லாருக்கும் ஒன்றையே காட்டும். கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய், பொது என்ற பகுதியில் கொழும்பு என்று மாற்றுங்கள். இன்றைய திகதி, இப்போதைய நேரம் என்று கணக்கிடும் சூத்திரங்களும் அந்த வலயத்தைத்தான் பார்க்கின்றன. தாமதமாக வந்ததைச் சிவப்பில் காட்ட யாராவது சூத்திரம் போட்டிருந்தால் அதுவும் இவ்வளவு நாளும் டொரோண்டோ கணக்கில்தான் ஓடியிருக்கும். தாமதமாக அனுப்பிய பிள்ளைக்கு அது லாபம், சரிதான்.

அதோடு, தானாக நினைவூட்டல் அனுப்ப ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதற்கு வேறொரு நேர வலயம் உண்டு. தாளை மாற்றினாலும் ஸ்கிரிப்ட் தன் பாட்டில் பழைய ஊரிலேயே இருக்கும். அதன் திட்ட அமைப்பில் தனியாக மாற்ற வேண்டும்.


டொரோண்டோ_மஸ்கெலியாக்காரன்
29 ஒக்டோபர்

தாள் நான் போட்டதுதான். மாற்றிவிட்டேன். ஸ்கிரிப்ட் ஏதும் இல்லை.


மெல்பேர்ன்_இறம்பொடை
29 ஒக்டோபர்

திருத்துகிற அக்கா நான். ஒப்படைக்கும் கடைசி நேரம் "ஞாயிறு இரவு 12 மணி" என்று போட்டிருக்கிறீர்கள். அது சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12ஆ, ஞாயிறு முடியும் 12ஆ? இரண்டு விதமாகவும் தாள்கள் வருகின்றன. "ஞாயிறு இரவு 11.59, இலங்கை நேரம்" என்று போடுங்கள். எனக்கு அது திங்கள் காலை 5.29. எழும்பித் தேநீர் போடும்போது எல்லாத் தாளும் வந்து சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. 7 மணி வகுப்பு எனக்கு இப்போது நள்ளிரவு தாண்டி 12.30, அதாவது அடுத்த நாள். என் காலண்டரில் சனி வகுப்பு ஞாயிறு என்று காட்டுவது பிழையல்ல. பொதுப் பலகையில் கிழமை மட்டும் எழுதினால் நான் ஒரு நாள் தப்பாகப் படிப்பேன். கிழமை, திகதி, ஊர் மூன்றையும் எழுதுங்கள்.


டோஹா_கணக்கு
29 ஒக்டோபர்

எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நான் கட்டாரில் இருக்கிறேன். இங்கே வருடம் முழுக்க ஒரே நேரம், கடிகாரத்தைத் தொடுவதில்லை. இலங்கையும் தொடுவதில்லை. ஆகவே உங்கள் 7 மணி எனக்கு என்றைக்கும் 4.30தான். எங்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலைநாள், அன்று 4.30 முடியாது. (டுபாயில் 2022இலிருந்து சனி, ஞாயிறு விடுமுறையாக மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்திருந்தால் ஞாயிறும் எடுத்திருப்பேன்.)

லண்டன் டீச்சருக்கு வெள்ளிக்கிழமை எப்படி? நான் வெள்ளியை விட்டுக் கொடுத்துவிட்டு சனிக்கு வருகிறேன். டொரோண்டோ சேர் சனியை விட்டு ஞாயிறுக்குப் போனால் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது.


தேம்ஸ்_பக்கம்
29 ஒக்டோபர்

வெள்ளி எனக்கு லீவு நாள். 1.30 என்றாலும் 2.30 என்றாலும் பரவாயில்லை. இதை முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம்!


டொரோண்டோ_மஸ்கெலியாக்காரன்
29 ஒக்டோபர்

ஞாயிறு காலை 8.30. வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம், எனக்கு வசதிதான்.


லிந்துலை_மேல்பிரிவு
29 ஒக்டோபர்

வெள்ளி கோயில் பூசை முடிந்து பிள்ளைகள் ஓடிவர வேண்டும். ஆனால் கணித வகுப்புக்கும் அப்படித்தானே வந்தார்கள். சரி. லண்டன் அக்காவிடம் அன்றைக்குக் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன், மனதில் வைக்காதீர்கள்.


கொட்டகலை_சாரல்
30 ஒக்டோபர்

எல்லாருக்கும் பெரிய நன்றி. மூன்று வகுப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக நானே போட்டிருக்கிறேன். வெள்ளி இரசாயனவியல், சனி கணிதம், ஞாயிறு பௌதிகவியல், மூன்றுமே கொழும்பு இரவு 7.00. நாளை வெள்ளியே தொடங்குகிறோம். ஒப்படைக்கும் நேரம் ஞாயிறு 11.59 ஆகிவிட்டது.

ஒரு சந்தேகம். வட்ஸ்அப் குழுவில் பழைய சூம் அழைப்பை ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் இன்னும் "பிற்பகல் 2.30 லண்டன்" என்று இருக்கிறது. அது தானாக மாறுமா?


இரவு_ஷிப்ட்_பண்டாரவளை
30 ஒக்டோபர்

மாறாது. ஒட்டியது வெறும் எழுத்து, ஒட்டிய நாளில் இருந்தபடியே கிடக்கும். அழித்துவிட்டு இணைப்பை மட்டும் போடுங்கள், மேலே கையால் "வெள்ளி இரவு 7.00, இலங்கை நேரம்" என்று எழுதுங்கள். சூமில் கூட்டம் போடுபவரின் கணக்குக்கும் ஒரு நேர வலயம் இருக்கிறது, இணையதளத்தில் சுயவிவரப் பக்கத்தில். அதையும் ஒரு தரம் பாருங்கள். டீம்ஸ் பாவிப்பவர்கள் யாராவது இருந்தால், அது பெரும்பாலும் கணினியின் நேரத்தையே எடுக்கும், ஆனால் அவுட்லுக் இணையப் பக்கத்துக்கு மொழியும் நேரமும் என்ற இடத்தில் தனி அமைப்பு உண்டு. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் ஒரே கூட்டம் இரண்டு நேரத்தில் தெரியும்.

போனில் கூகுள் காலண்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் அமைப்புகளில் "சாதனத்தின் நேர வலயத்தைப் பயன்படுத்து" என்பதைப் போட்டிருந்தால் போதும்.


மெல்பேர்ன்_இறம்பொடை
30 ஒக்டோபர்

அடுத்த சுற்று எப்போது என்று யாராவது பலகையில் குத்திவையுங்கள். நான் பார்த்தது: டொரோண்டோ 2026 மார்ச் 8, லண்டன் மார்ச் 29, மெல்பேர்ன் ஏப்ரல் 5.


கொட்டகலை_சாரல்
30 ஒக்டோபர்

குத்தியாச்சு அக்கா. இந்தத் தரம் வகுப்பு நகராது, சேருக்கும் டீச்சருக்கும்தான் நகரும். ஒரு வாரத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவூட்டல் போகும்படி வைத்திருக்கிறேன். டோஹா சேருக்கு ஒன்றும் அனுப்பத் தேவையில்லை.


டோஹா_கணக்கு
30 ஒக்டோபர்

அனுப்பினாலும் பார்க்க மாட்டேன். சனிக்கிழமை வரும் பிள்ளைகளிடம் தொகையீடு பயிற்சி மூன்றைச் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.